பயனற்றவை என்று எழுதிய கை

சென்ற ஆண்டின் இறுதியில் ஒரு பட்டியல் நம் பார்வைக்கு வந்தது. சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடைப்பட்ட சமவெளியில் உள்ள கல்லூரி ஒன்றின் கழிவுப் பொருள் பட்டியல் அது. உடைந்த நாற்காலி 17, ஓடாத மின்விசிறி 9, ஓவர்ஹெட் புரொஜெக்டர் 2 என்று நீண்டு சென்ற அப்பட்டியலின் 31ஆம் வரியில், "கேமரா லென்ஸ் (பழையது) – 3 – பயனற்றவை" என்று எழுதப்பட்டிருந்தது. அடியில் மூன்று கையொப்பங்கள். அதே வாரத்தில் அதே அலுவலக மேசையிலிருந்து மற்றொரு தாளும் புறப்பட்டது. கல்லூரி புதிதாக வாங்கியிருந்த மிரர்லெஸ் கேமராவுக்கு, உருவப்படமும் கல்வெட்டும் எடுக்கத் தக்க லென்ஸ் ஒன்று வாங்குவதற்காக விலைப்புள்ளி கோரும் தாள்.

இவ்விரு தாள்களையும் சேர்த்து வைத்துப் படித்தவர் எவருமிலர். இக்கட்டுரையை எழுதும்படி நம்மைத் தூண்டியது அதுவே.

கையொப்பமிட்டவர்களைக் குறை கூற நாம் வரவில்லை. அவர்களுக்கு அளிக்கப்பட்ட படிவத்தில் 'பயனுள்ளது', 'பயனற்றது' என்று இரண்டே கட்டங்கள் இருந்தன. 'எதனோடு சேர்த்தால் பயனுள்ளதாகும்' என்று கேட்கும் மூன்றாவது கட்டம் அதில் இல்லை. நம் வழக்கு அந்த இல்லாத கட்டத்தைப் பற்றியது. அக்கல்லூரிப் படிவத்தில் மட்டுமா அது இல்லை? கேமரா விற்கும் கடையிலும், கேமரா செய்யும் நிறுவனத்திலும், பழைய பொருளைக் கண்டதும் மூக்கைப் பொத்தும் நம் எல்லோருடைய மனத்திலும் அந்தக் கட்டம் இல்லை.

தொடங்குமுன் ஒரு சொல் விளக்கம். தமிழாசிரியராக இருந்துகொண்டு 'லென்ஸ்' என்றா எழுதுவது என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். 'வில்லை' என்ற நல்ல சொல் இருப்பதை அறிவோம். ஆயினும் ராசிபுரத்து ஸ்டுடியோக்காரரிடம் போய் வில்லை வேண்டும் என்று கேட்டால் அவர் எதிரிலுள்ள மருந்துக் கடையைக் காட்டுவார். தொழில் செய்பவர் நாவில் வாழும் சொல்லையே நாமும் எடுத்துக்கொள்கிறோம்.

இனிப் பொருளுக்கு வருவோம். அந்த மூன்று லென்ஸ்களில் ஒன்று ஹீலியோஸ் 44-2. சோவியத் நாட்டின் ஜெனித் கேமராவோடு வந்தது, 58 மி.மீ. குவியத் தூரம், எஃப்/2 திறப்பு. ஜெர்மனியின் யேனா நகரில் கார்ல் சைஸ் நிறுவனம் இரண்டாம் உலகப் போருக்கு முன்பே வடித்திருந்த பயோட்டார் என்னும் அமைப்பைப் போருக்குப் பின் சோவியத்துகள் தமதாக்கிக்கொண்டதால் பிறந்த லென்ஸ் அது. இரண்டாவது, அதே எம்42 மரை கொண்ட 135 மி.மீ. லென்ஸ். மூன்றாவது, பென்டாக்ஸ் கே1000 கேமராவோடு வந்த 50 மி.மீ. லென்ஸ். கே1000 என்ற அந்தக் கேமராவை 1976 முதல் 1997 வரை செய்தார்கள். 1980களில் ஒளிப்படம் கற்ற பலருக்கு அரிச்சுவடி அதுதான். மூன்றிலும் கண்ணாடி தெளிவாக இருந்தது. மூன்றிலும் ஃபோகஸ் வளையம் சுழன்றது. பிறகு எப்படி அவை பயனற்றவை ஆயின?

விடை எளிது: அவை பூட்டப்பட்டிருந்த கேமராக்கள் செத்துவிட்டன. படச்சுருள் வாங்க இயலவில்லை, கழுவ ஆளில்லை, ஷட்டர் சிக்கிக்கொண்டது. ஆகவே கேமரா போயிற்று. கேமரா போனதால் லென்ஸும் போயிற்று என்று முடிவு கட்டினார்கள். கணவன் இறந்தால் மனைவியையும் சிதையில் ஏற்றும் பழைய கொடுமைக்கும் இதற்கும் தருக்க அளவில் பெரிய வேறுபாடு இல்லை. (உவமை கடுமையானது என்பது தெரியும். எழுதிய பின் அடித்துவிடலாமா என்று எண்ணினோம், அடிக்கவில்லை.)

ஒரு லென்ஸுக்குத் தன் பின்னால் இருப்பது படச்சுருளா சென்சாரா என்பது தெரியாது. அது செய்வதெல்லாம் வரும் ஒளியைக் குறிப்பிட்ட தூரத்தில் ஒரு தளத்தில் குவிப்பது மட்டுமே. எந்தக் கேமராவிலும் லென்ஸ் வந்து அமரும் உலோக முகத்துக்கும், படம் விழும் தளத்துக்கும் இடையே ஒரு நிலைத்த தூரம் உண்டு. எம்42 மரையுள்ள லென்ஸுக்கு அத்தூரம் 45.46 மி.மீ. பழைய எஸ்.எல்.ஆர். கேமராக்களில் லென்ஸுக்கும் படச்சுருளுக்கும் நடுவே ஒரு கண்ணாடி எழுந்து படுக்க வேண்டியிருந்தது; அதற்கு இடம் விட்டதால் இவ்வளவு தூரம். மிரர்லெஸ் கேமராவில் அந்தக் கண்ணாடி இல்லை. ஆகவே தூரம் சுருங்கிவிட்டது: சோனியின் ஈ மவுண்டில் 18 மி.மீ., கேனான் ஆர்.எஃப். மவுண்டில் 20 மி.மீ., நிக்கான் இஸட் மவுண்டில் 16 மி.மீ. எனவே சோனி கேமராவில் ஹீலியோஸைப் பூட்ட வேண்டுமானால் 45.46இலிருந்து 18ஐக் கழித்து, எஞ்சும் 27.46 மி.மீ. நீளத்துக்கு ஓர் உலோகக் குழாய் இருந்தால் போதும். முன்பக்கம் எம்42 மரை, பின்பக்கம் சோனியின் பூட்டு. அக்குழாய்க்குத்தான் அடாப்டர் என்று பெயர். உள்ளே கண்ணாடி இல்லை, மோட்டார் இல்லை, மின்சுற்று இல்லை. சில நூறு ரூபாய்க்கும் கிடைக்கிறது.

கல்லூரி வாங்கிய கேமராவுக்கும் பட்டியலின் 31ஆம் வரிக்கும் இடையே நின்றது இந்த 27.46 மி.மீ. வெற்றிடந்தான். அதை ஒரு வளையத்தால் நிரப்பாமல் விலைப்புள்ளியால் நிரப்பினார்கள்.

'ஒன்றின் உடம்பில் மற்றொன்றின் கண்ணைப் பொருத்துவதா? அது முறையா?' என்று நம் நண்பர் ஒருவர் கேட்டார். அவர் நாமக்கல்காரர். நாமக்கல்காரர் இப்படிக் கேட்டதுதான் நமக்கு வியப்பு. லாரியின் சேசிஸ் எங்கோ ஒரு தொழிற்சாலையில் இருந்து வருகிறது. அதன்மேல் பாடி கட்டுவது நாமக்கல் பட்டறை. இரண்டும் சேர்ந்த வண்டி நாடெங்கும் ஓடுகிறது. திருச்செங்கோட்டு ரிக் வண்டியைப் பாருங்கள். லாரி ஒரு நிறுவனத்துடையது, கம்ப்ரசர் வேறொரு நிறுவனத்துடையது. ஒன்றோடொன்று பேசுமாறு அவற்றை இணைத்தவர் நம் ஊர்ப் பட்டறைக்காரர். அந்த வண்டிகள் தமிழ்நாட்டைத் தாண்டி வடமாநிலங்களிலும் ஆழ்துளைக் கிணறு தோண்டுகின்றன. 'இது கலப்பு வண்டி, முறையற்றது' என்று எந்த விவசாயியும் தண்ணீரை மறுத்ததில்லை. இணைத்து வாழ்வதையே தொழிலாக்கிக்கொண்ட ஒரு நிலத்தில், ஓர் அலுமினிய வளையத்தைக் கண்டு ஐயுறுவது வேடிக்கையல்லவா?

முறை பற்றிக் கேட்டதால் வரலாற்றையும் சொல்லிவிடுவோம். லென்ஸும் கேமராவும் ஒரே நிறுவனத்துடையவையாக இருக்க வேண்டும் என்பது பிற்காலத்து வழக்கம். ஸ்டுடியோக்களில் இருந்த பெரிய மரக் கேமராக்களின் முகப்பில் ஒரு பலகை இருக்கும். அதில் துளையிட்டு, கிடைத்த லென்ஸைப் பொருத்திக்கொள்வார்கள். கேரளத்தின் ஆலப்புழையில் 1940களில் செய்யத் தொடங்கிய வாகீஸ்வரி கேமரா அத்தகைய மரக் கேமராதான். கேமரா மாறும், லென்ஸ் மாறாது. லென்ஸ் ஒளிப்படக்காரரின் சொத்து, கேமரா அதைத் தாங்கும் பெட்டி என்பதே அன்றைய எண்ணம். எம்42 மரையும் அவ்வுணர்வில் வந்ததே. 1949இல் ஜெர்மனியில் தொடங்கிய அந்த மரையைப் பிராக்டிகா, பென்டாக்ஸ், ஃபுஜிகா, சினான், ஜெனித் எனக் கிழக்கும் மேற்கும் ஏற்றுக்கொண்டன. பனிப்போரில் இரண்டாகப் பிரிந்த உலகம் 42 மி.மீ. விட்டமுள்ள ஒரு மரையில் ஒன்றாக இருந்தது.

திரைப்படத்துறை அந்த வழக்கத்தை என்றுமே கைவிடவில்லை. ஸ்டான்லி குப்ரிக் தம் 'பேரி லிண்டன்' (1975) படத்தில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் காட்சிகளை எடுக்க, அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவுக்காகச் சைஸ் செய்த 50 மி.மீ. எஃப்/0.7 லென்ஸை எடுத்து மிட்செல் திரைப்படக் கேமராவில் பொருத்தச் செய்தார். அந்த லென்ஸின் பின்கண்ணாடி படச்சுருளுக்கு மிக நெருக்கமாக வந்து நிற்க வேண்டியிருந்ததால் கேமராவின் உட்புறத்தையே செதுக்கி மாற்ற வேண்டியிருந்தது. நிலவை நோக்கப் பிறந்த கண் பதினெட்டாம் நூற்றாண்டுக் கூடத்து மெழுகுவத்தியை நோக்கியது. அதை யாரும் 'ஒட்டுவேலை' என்று இகழ்ந்ததாக நாம் கேள்விப்படவில்லை.

அப்படியானால் இந்த வழக்கம் ஒளிப்படக் கேமராவில் ஏன் அறுந்தது? அறுந்தது என்பதைவிட அறுக்கப்பட்டது என்பதே பொருந்தும். ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு மவுண்டை வைத்துக்கொண்டது. வைத்துக்கொண்டதைத் தானே மாற்றியும் கொண்டது. கேனான் நிறுவனம் 1971இல் எஃப்.டி. லென்ஸ் வரிசையைக் கொண்டுவந்தது. அதற்குரிய தூரம் 42 மி.மீ. 1987இல் ஈ.எஃப். என்ற புதிய மவுண்டுக்கு மாறியது. அதன் தூரம் 44 மி.மீ. இரண்டு மில்லிமீட்டர் பற்றாக்குறை! புதிய கேமராவில் பழைய லென்ஸை வெறும் வளையத்தால் பூட்டினால் தொலைவில் உள்ள எதுவும் தெளியாது. பணம் கொடுத்து வாங்கிய லென்ஸ்கள் அலமாரியில் வனவாசம் புகுந்தன. 2008இல் பானசோனிக் ஜி1, 2010இல் சோனி நெக்ஸ் என மிரர்லெஸ் கேமராக்கள் வந்த பிறகே அவை வெளியே வந்தன. ஏறத்தாழ 21 ஆண்டுகள். கண்ணாடி அந்த 21 ஆண்டுகளும் நன்றாகவே இருந்தது என்பதைக் கவனியுங்கள். 'பயனற்றது' என்று அதை ஆக்கியது காலம் அன்று. வரைபட மேசையில் எடுக்கப்பட்ட ஒரு முடிவு.

இன்றும் அந்த மனநிலை மாறியதாகத் தெரியவில்லை. கேனானின் ஆர்.எஃப். மவுண்டுக்குத் தானாக ஃபோகஸ் செய்யும் லென்ஸ்களைச் செய்து விற்ற சீன நிறுவனம் ஒன்று 2022இல் கேனானின் தலையீட்டால் விற்பனையை நிறுத்த நேர்ந்தது. காரணம் காப்புரிமை என்றார்கள். 2024இல்தான் சிக்மா, டாம்ரான் ஆகிய நிறுவனங்களுக்குச் சிறிய சென்சார் கேமராக்களுக்கான லென்ஸ்கள் அளவில் கதவு திறந்தது. காப்புரிமை சட்டப்படியான உரிமை, அதை மறுக்கவில்லை. ஆனால் மின்தொடர்பு வழியே கேமராவிடம் அனுமதி பெற்றுத்தான் ஒரு லென்ஸ் வேலை செய்ய வேண்டும் என்ற நிலையை, யாரிடமும் அனுமதி கேளாத ஹீலியோஸோடு வைத்துப் பாருங்கள். ஹீலியோஸில் ஃபோகஸ் ஒரு மரை. திறப்பு ஒரு வளையம். இன்றைய லென்ஸ்கள் பலவற்றில் ஃபோகஸ் வளையமே ஒரு மின்விசைதான். மின்சாரம் இல்லாவிட்டால் வளையம் சுழலும், கண்ணாடி அசையாது. 40 ஆண்டுகள் கழித்து அவற்றின் மோட்டார் பழுதானால் நம் பேரப்பிள்ளைகள் எங்கே போவார்கள்? ஹீலியோஸில் மசகு காய்ந்தால் கழற்றித் துடைத்துப் புதிய மசகு இடலாம். பழுது பார்க்க இயன்ற பொருளைப் பயனற்றது என்றும், பழுது பார்க்க இயலாத பொருளைப் புதியது என்றும் அழைக்கும் சொல்லாட்சி நமக்குப் புரியவில்லை.

இங்கே வழக்கமாக ஒருவர் எழுந்து நன்னூலை எடுத்து வீசுவார். பழையன, புதியன பற்றிய அந்த நூற்பா நம் நாட்டில் பட்ட பாடு வேறெந்த நூற்பாவும் பட்டதில்லை. பழைய பேருந்து நிலையத்தை இடிக்கவும் அதுவே, பழைய நூலகத்தை மூடவும் அதுவே மேற்கோள். பவணந்தியார் பேசியது இலக்கணத்தில் நிகழும் மாற்றத்தை. அம்மாற்றம் குற்றமாகாது என்றார்; அவ்வளவுதான். பழையதைக் கழித்தே ஆக வேண்டும் என்று அவர் ஆணையிடவில்லை. குற்றமன்று என்பதற்கும் கடமை என்பதற்கும் உள்ள வேறுபாடு இளங்கலை முதலாண்டு மாணவருக்கும் தெரியும்.

நன்னூலை எடுப்பவர்கள் உ.வே.சா.வையும் நினைக்கலாம். ஆடிப்பெருக்கில் ஏடுகளை ஆற்றில் விட்டார்கள் என்பது தமிழாசிரியர் ஒவ்வொருவரும் வகுப்பில் வருந்திச் சொல்லும் செய்தி. நாமும் சொல்கிறோம், மோகனூர்க் காவிரியும் பரமத்திவேலூர்க் காவிரியும் கண்ட மாணவர்களிடம் சொல்கிறோம். ஏட்டை ஆற்றில் விட்டவர்கள் கொடியவர்கள் அல்லர். படிக்க ஆளில்லை, பூச்சி அரித்தது, வீட்டில் இடமில்லை. ஆகவே பயனற்றது என்று எண்ணினார்கள். அச்சு என்ற புதிய கருவியோடு அந்த ஏட்டைச் சேர்த்தால் என்னவாகும் என்று எண்ணிப் பார்த்தவர் சிலர். அவர்களால் 1887இல் சீவக சிந்தாமணி அச்சில் வந்தது. அந்தச் சிலருக்கு மாலை அணிவித்துவிட்டு, அலுவலகத்துக்குத் திரும்பி 31ஆம் வரியில் கையொப்பமிடுவது எந்த வகையில் சேரும்?

இனி எதிர்க்கட்சியாரின் நியாயமான வாதங்களைப் பார்ப்போம். பழைய லென்ஸ் திருமண வீட்டுக்கு ஆகாது. தாலி கட்டும் நொடியில் வளையத்தைத் திருகிக்கொண்டிருந்தால் அடுத்த திருமணத்துக்கு அழைப்பு வராது. விளையாட்டுப் போட்டிக்கு ஆகாது. ஓடும் குழந்தைக்கு ஆகாது. எதிர்வெயிலில் பழைய கண்ணாடி வெளிறும். நவீனப் பூச்சுகளின் துல்லியம் அதற்கு இல்லை. எந்த லென்ஸ், எந்தத் திறப்பு என்ற குறிப்பையும் கேமரா படத்தோடு பதியாது. இவை அனைத்தையும் ஒப்புக்கொள்கிறோம்.

ஆனால் கல்லூரி எதற்காக லென்ஸ் கேட்டது? உருவப்படத்துக்கும் கல்வெட்டுக்கும். சேலம், தருமபுரிப் பகுதிகளின் நடுகற்களையும் கோயில் கல்வெட்டுகளையும் மாணவர்கள் படமெடுக்கப் போகிறார்கள். நடுகல் எங்கும் ஓடிவிடாது. வீரன் வாளை ஓங்கியவாறு பல நூற்றாண்டுகளாக அப்படியே நிற்கிறான். நாம் ஃபோகஸ் செய்யும் வரை இன்னும் சற்று நிற்பான். சாய்ந்த வெயிலில் எழுத்து எழும்பும் நேரம் பார்த்து, முக்காலியில் கேமராவை நிறுத்தி, திறப்பை எஃப்/8க்கு மூடி எடுத்தால் அந்த 58 மி.மீ. கண்ணாடி தரும் தெளிவு கல்வெட்டு வாசிக்கப் போதுமானது. நாற்பதைக் கடந்து வெள்ளெழுத்து வந்துவிட்ட நம் கண்ணுக்கும் இடர் இல்லை. கேமராத் திரையில் படத்தின் ஒரு பகுதியைப் பெருக்கிப் பார்த்து ஃபோகஸ் செய்யலாம், தெளிந்த விளிம்புகளை வண்ணமிட்டுக் காட்டும் வசதியும் உண்டு. குறிப்பு பதியாது என்பதும் குறையன்று. மாணவர் குறிப்பேட்டில் கையால் எழுதட்டும். எழுதினால்தான் எஃப்/2க்கும் எஃப்/8க்கும் உள்ள வேறுபாடு மனத்தில் நிற்கும்.

எதிர்க்கட்சியைப் போலவே நம் கட்சியாரிடமும் ஒரு சண்டை உண்டு. பழைய லென்ஸில் 'ஆன்மா' இருக்கிறது என்று உருகுவோர் கூட்டம் ஒன்று பெருகியிருக்கிறது. ஹீலியோஸில் பின்னணி சுழல்கிறது, அடடா என்கிறார்கள். அச்சுழலுக்குக் காரணம் ஆன்மா இல்லை. லென்ஸின் ஓரத்துக்குச் சாய்ந்து வரும் ஒளியை உலோகக் குழலே ஓரளவு மறைத்துவிடுவதால், நடுவில் வட்டமாகத் தெரியும் மங்கல் புள்ளிகள் ஓரத்தில் பூனைக்கண் வடிவம் கொள்கின்றன. அவை நடுவைச் சுற்றி அடுக்கப்பட்டதுபோல் தோன்றுகின்றன. அது ஒரு குறை. குறையை விரும்புவதில் தவறில்லை. ஆனால் அந்தக் குறைக்காக விலையை ஏற்றிவிட்டு, சுழல் இன்னும் மிகட்டும் என்று முன்கண்ணாடியைக் கழற்றித் திருப்பிப் போட்டுப் பார்த்து, நல்ல லென்ஸ்களைக் கெடுப்பது ஏட்டைக் கிழித்துச் சட்டமிட்டு மாட்டுவதற்கு ஒப்பானது. இரசிகரும் கழிவுப் பட்டியல் எழுதுபவரும் ஒரு புள்ளியில் ஒன்றுபடுகிறார்கள்: இருவரும் லென்ஸை வேலைக்கு வைப்பதில்லை.

வேலைக்கு வைக்க விரும்புவோர்க்குச் சில சொற்கள். எம்42 மரையின் விட்டம் 42 மி.மீ., புரியிடைத் தூரம் 1 மி.மீ. அதே 42 மி.மீ. விட்டத்தில் 0.75 மி.மீ. புரியிடை கொண்ட டி மவுண்ட் என்று ஒன்று உண்டு. இரண்டையும் மாற்றி முறுக்கினால் மரை போய்விடும். கேமராவின் பட்டியலில் 'லென்ஸ் இல்லாமலும் ஷட்டரை இயக்கு' என்ற வகையிலான ஒரு தெரிவு இருக்கும். அதை இயக்காவிட்டால் கேமரா தனக்குக் கண்ணே இல்லை என்று எண்ணிப் படமெடுக்க மறுக்கும். சென்சாரின் அளவு சிறியதானால், 58 மி.மீ. லென்ஸ் ஏறத்தாழ 87 மி.மீ. லென்ஸ் காட்டும் பரப்பையே காட்டும்; உருவப்படத்துக்கு அது நல்லதே. நிக்கானின் பழைய எஃப் மவுண்டில் தூரம் 46.5 மி.மீ. ஆதலால் எம்42 லென்ஸ் அதில் வெறும் வளையத்தோடு தொலைவைத் தெளிவாகக் காட்டாது. வாங்குமுன் கழித்தல் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

நம் சமவெளியின் வெயிலும் கருத்தில் கொள்ளத் தக்கது. சூட்டில் பழைய மசகு இளகித் திறப்பிதழ்களில் படியும். ஆகவே இரும்பு அலமாரியின் மேல்தட்டில் வைக்க வேண்டாம். ஏற்காட்டு ஈரத்திலும் ஐப்பசி மழையிலும் தோல் உறைக்குள் மூடி வைத்தால் ஃபங்கஸ் பிடிக்கும். காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். சில பழைய ஜப்பானிய லென்ஸ்களில், சூப்பர் டாக்குமர் 50 மி.மீ. எஃப்/1.4 போன்றவற்றில், தோரியம் கலந்த கண்ணாடி உண்டு. ஆண்டுகள் செல்ல மஞ்சளேறும். வெயிலின் புறஊதாக் கதிர் அந்த மஞ்சளைக் குறைக்கும். ஆனால் வெயிலில் வைக்கும்போது ஒரு பக்கத்தை அலுமினியத் தாளால் மூடுங்கள். லென்ஸ் என்பது பூதக்கண்ணாடியும் ஆகும், வீடு பற்றிக்கொள்ளும்.

ஏற்காட்டைச் சொன்னதும் அச்சாலையில் நிற்கும் ஒரு வளைவு நினைவுக்கு வருகிறது. டி.ஆர்.சுந்தரம் 1930களின் நடுவில் சேலத்தில் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவாயில் அது. 1938இல் மலையாளத்தின் முதல் பேசும்படமான 'பாலன்' அந்நிறுவனத்தின் தயாரிப்பு. 1956இல் தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' அதன் தயாரிப்பு. இன்று படப்பிடிப்புத் தளங்கள் இல்லை. வளைவு நிற்கிறது, வளைவின்முன் நின்று படமெடுத்துக்கொள்கிறோம். உதகமண்டலத்தில் 1960இல் நிறுவப்பட்ட ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் என்னும் அரசு நிறுவனம் செய்த 'இந்து' படச்சுருளும் இன்று இல்லை. முகப்பைக் காப்பதும் உள்ளிருந்ததை விடுவதும் நமக்குக் கைவந்த கலையாகிவிட்டது. படச்சுருள் போனதை நாம் தடுத்திருக்க இயலாது. உலகெங்கும் அது போயிற்று. லென்ஸ் அப்படியன்று. அது போக வேண்டிய தேவையே இல்லை. நாம்தான் அனுப்பி வைக்கிறோம்.

ஆகவே நாம் கேட்பது இவ்வளவே. கழிவுப் பட்டியலில் லென்ஸ் என்ற சொல் வந்தால், கையொப்பமிடுமுன் அதை ஒருமுறை சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கண்ணாடி தெளிவாக இருந்தால் அதன் மவுண்ட் எதுவென்று கேளுங்கள். உங்களிடம் உள்ள கேமராவின் தூரத்தைக் கழித்துப் பாருங்கள். மூடப்படும் ஸ்டுடியோவின் உரிமையாளர் பெட்டியைக் காயலான் கடைக்குத் தூக்கும் நாளில், அருகிலுள்ள கல்லூரி அவரிடம் ஒரு சொல் பேசட்டும். படிவத்தில் மூன்றாவது கட்டம் ஒன்றை வரையுங்கள்.

அந்த மூன்று லென்ஸ்கள் என்னவாயின என்று கேட்பீர்கள். நாம் பட்டியலைப் பார்த்தபோது ஏலம் முடிந்து நான்கு நாள்கள் ஆகியிருந்தன. காயலான் கடையைத் தேடிச் சென்றோம். பென்டாக்ஸ் லென்ஸ் கிடைக்கவில்லை. 135 மி.மீ. லென்ஸ் போல்ட்டுகள் நிறைந்த ஒரு தகர டப்பாவில் கிடந்தது. பின்கண்ணாடியில் ஆணி கீறிய தடம் குறுக்கே ஓடியிருந்தது. ஹீலியோஸ் மட்டும் ஒரு துணிக்குள் சுற்றப்பட்டிருந்ததால் தப்பியது. கடைக்காரர் தராசில் வைத்தார்; கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. எடைக்குரிய பணத்தைக் கொடுத்து, துண்டுச் சீட்டில் ரசீதும் பெற்றுக்கொண்டோம். வளையத்தைக் கைக்காசில் வாங்கினோம். தை மாதத்தில் மாணவர்கள் அதைக்கொண்டு எடுத்த நடுகல் படத்தில், நேரில் கண்ணுக்குத் தெரியாதிருந்த ஓர் எழுத்து வரி தெரிந்தது.

லென்ஸைக் கல்லூரிக்கே கொடுத்துவிட எண்ணி அலுவலகத்துக்கு எடுத்துச் சென்றோம். எழுத்தர் இருப்புப் பதிவேட்டைத் திறந்தார். காயலான் கடைச் சீட்டைப் பார்த்தார், லென்ஸைப் பார்த்தார், பழைய பட்டியலின் 31ஆம் வரியையும் பார்த்தார்.

"ஐயா, இத எந்தக் கட்டத்துலங்க எழுதறது?"

இன்னும் எழுதவில்லை. மேலிடத்துக்குக் கடிதம் போயிருக்கிறது.